கரைபொருள் என்னும் சொல்

உப்பை நீரில் இட்டுக் கலக்குகிறோம். சிறிது நேரத்தில் உப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால் நாவுக்கு மறைவதில்லை. நாள்தோறும் அடுப்பங்கரையில் நடைபெறும் இந்த எளிய நிகழ்ச்சியில் மூன்று பொருள்களைக் காண்கிறோம். மறைந்தது ஒன்று, அதைத் தன்னுள் மறைத்துக்கொண்டது ஒன்று, இரண்டும் கூடி உண்டானது ஒன்று. முதலாவதைக் கரைபொருள் என்றும், இரண்டாவதைக் கரைப்பான் என்றும், மூன்றாவதைக் கரைசல் என்றும் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் இவை முறையே சொல்யூட், சொல்வென்ட், சொல்யூஷன் எனப்படும். இம்மூன்றனுள் கரைபொருள் என்ற ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தாம்பரத்தை அடுத்த பகுதிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். கரைப்பான் எது, கரைபொருள் எது என்று மாணவர்கள் தடுமாறுவதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். ஆங்கில வழியில் பயின்ற வகுப்பிலோ வேறொரு வேடிக்கை. சொல்யூட் என்று நான் கரும்பலகையில் எழுதிப் படித்தவுடன், கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்று கையை நெற்றியில் வைத்து வணக்கம் செய்தான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அச்சிரிப்பில் ஓர் உண்மை இருந்தது. பொருள் புரியாத சொல் வெறும் ஓசையாகவே காதில் விழும். ஓசையை மனப்பாடம் செய்யலாம். அதைக்கொண்டு சிந்திக்க முடியாது.

இந்தத் தடுமாற்றத்திற்கு மருந்து வேதியியலில் இல்லை. தமிழ் வகுப்பில் இருக்கிறது. கரைதல் என்பது தன்வினை. கரைத்தல் என்பது பிறவினை. உப்புத் தானே கரைகிறது. நீர் அதைக் கரைக்கிறது. கரைகின்ற வேரிலிருந்து கரைபொருள் பிறந்தது. கரைக்கின்ற வேரிலிருந்து கரைப்பான் பிறந்தது. நடுவில் உள்ள ஒரு பகர மெய்தான் செய்பவனையும் செயலுக்கு உட்படுவதையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. இதை ஒருமுறை உணர்ந்த மாணவன் பிறகு தடுமாறுவதே இல்லை. கரைசல் என்பதோ, விரிதலிலிருந்து விரிசல் வந்ததுபோல, கரைதலிலிருந்து வந்த பெயர்.

இன்னும் ஒரு நயம் உண்டு. கரைபொருள் என்பது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் என்பன போல, முக்காலமும் மறைந்து நிற்கும் தொகை இது. கரைந்த பொருள், கரைகின்ற பொருள், கரையும் பொருள் என்று மூன்று விதமாகவும் இதை விரிக்கலாம். உப்பு டப்பாவில் இருக்கும்போது அது கரையும் பொருள். கரண்டியால் கலக்கும்போது கரைகின்ற பொருள். கலக்கி முடித்தபின் கரைந்த பொருள். மூன்று நிலைக்கும் ஒரே சொல் பொருந்துகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவே பகர மெய் வருவதில்லை. மறந்துபோய்க் கரைப்பொருள் என்று எழுதிவிட்டால், அது ஆற்றங்கரையில் கிடக்கும் பொருளாகிவிடும்!

இனி, பிற மொழிகள் இதே பொருளை எப்படிக் கண்டன என்று பார்ப்போம். ஆங்கிலச் சொல்லின் தாய் இலத்தீன் மொழி. சொல்வெரே என்னும் இலத்தீன் வினைக்குக் கட்டவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள். அவிழ்க்கப்பட்டது என்ற இறந்தகால வடிவமே சொல்யூட் ஆயிற்று. ஒரு கணக்குக்கு விடை காண்பதையும் ஆங்கிலத்தில் சொல்யூஷன் என்கிறார்களே, அது ஏன்? கணக்கு ஒரு முடிச்சு. விடை அதன் அவிழ்ப்பு. கடனை அடைக்க வல்லவனைச் சொல்வென்ட் என்று வங்கியில் குறிப்பிடுவதும் இதனால்தான். கடன் என்னும் கட்டிலிருந்து தன்னை அவிழ்த்துக்கொள்ளக் கூடியவன் அவன். கிரேக்க மொழியில் இதற்கு உறவான லூசிஸ் என்னும் சொல்லும் அவிழ்த்தலையே குறிக்கும். எலக்ட்ராலிசிஸ் என்று நாம் படிக்கும் மின்னாற்பகுப்பின் ஆங்கிலப் பெயரில் அது அமர்ந்திருக்கிறது.

வடமொழி வேறொரு வழியில் சென்றது. லீ என்னும் வேருக்கு ஒன்றுதல், மறைதல் என்று பொருள். அதிலிருந்து இந்தி மொழியார் கரைசலை விலயன் என்றும், கரைப்பானை விலாயக் என்றும், கரைபொருளை விலேய என்றும் வழங்குகின்றனர். இசையில் நாம் லயித்துப் போகிறோம் என்கிறோமே, அந்த லயமும், உலகம் ஒடுங்கும் பிரளயமும் இந்த வேரின் கிளைகளே. விலேய என்பதற்குக் கரையத் தக்கது என்பது சொற்பொருள். ஆக, இலத்தீன் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. வடமொழி நடக்கத் தக்கதைச் சொல்கிறது. தமிழ் காலத்தை மறைத்து வைத்து எல்லாவற்றையும் சொல்கிறது. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. ஒரே உப்பை மூன்று சன்னல்களின் வழியே பார்க்கிறோம், அவ்வளவே.

தமிழில் கரை என்பது பழமையான வேர். காக்கை கூவுவதும் கரைதலே. திருக்குறளில் காக்கை தன் இனத்தை அழைத்து உண்பதைக் கூறும் இடத்தில் இச்சொல் வருகிறது. துயரக் கதையைக் கேட்டால் மனம் கரைகிறது. ஊதாரியின் கையில் சொத்துக் கரைகிறது. நூல் முழுவதையும் கற்றவனை அதைக் கரைத்துக் குடித்தவன் என்கிறோம். தேர்வு முடிவு வரும் நாளில் வயிற்றில் புளியைக் கரைப்பதையும் மாணவர்கள் அறிவார்கள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்ற பழமொழியில் கரைப்பானும் கரைபொருளும் ஒருங்கே இருக்கின்றன. நம் பாட்டிமார் இரசாயனம் படித்தவர்கள் அல்லர். ஆனால் கரைப்பதும் உருக்குவதும் வேறு என்பதை அறிந்தவர்கள். வெண்ணெய் உருகும்; வெல்லம் நீரில் கரையும். உருகுவதற்குச் சூடு போதும். கரைவதற்கு இன்னொரு பொருளின் துணை வேண்டும். பேச்சு வழக்கில் பனிக்கட்டி கரைந்தது என்று சொல்வதுண்டு. அறிவியல் வழக்கில் அது உருகியது என்பதே சரி.

இப்படி வீட்டிலே இருந்த வேரை ஏட்டுக்குக் கொண்டுவருவது ஒருநாளில் நிகழ்ந்த செயல் அன்று. யாழ்ப்பாணத்திலே 1847 முதல் 1873 வரை பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முனைந்தார். அவருடைய முயற்சியால் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் கெமிஸ்தம், ஆண்டு 1875. துறைக்கே தமிழில் பெயர் நிலைபெறாத காலம் அது என்பதை அந்தத் தலைப்பே காட்டும். பின்னர் 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, அதற்கென ஓர் இதழும் நடத்தினர். திண்ணை ரசாயனம் என்ற பெயரில் எளிய நூலொன்றையும் இராஜாஜி எழுதினார். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், அறிவியற் செய்திகளைத் தமிழில் தொடர்ந்து எழுத முடியும் என்பதை நிலைநாட்டிற்று.

இலங்கைத் தமிழர் இந்தப் பணியில் தனி வழி கண்டனர். அங்குள்ள பாடநூல்களில் கரைபொருளுக்குக் கரையம் என்று பெயர். கரைப்பானும் கரைசலும் அங்கும் இங்கும் ஒன்றே. கரையம் என்பது குறுகிய, அழகிய சொல். எடுத்த எடுப்பிலே நாவில் நிற்கும். கரைபொருள் என்பது சற்றே நீண்டது. ஆனால் தன் பொருளைத் தானே விளக்கும். யாழ்ப்பாணத்து நண்பரிடம் பேசும்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். கரைசல் என்பதற்குப் பதிலாகக் கரைச்சல் என்று சொல்லிவிட்டால், அங்கே அதற்குத் தொல்லை என்று பொருள்!

எல்லாச் சொல்லையும் மொழிபெயர்த்தே தீரவேண்டும் என்று வாதாடுபவன் அல்லன் நான். சோடியமும் குளோரினும் அப்படியே இருக்கட்டும். அவை பொருள்களின் பெயர்கள். ஆனால் கரைதல் போன்றவை கருத்துகளின் பெயர்கள். கருத்து நம் மொழியின் வேரோடு சேர்ந்தால்தான் அது நம்முடைய கருத்தாகும்.

சொல்லின் கதை இவ்வளவு. இனி, அச்சொல் நம் வாழ்வில் எங்கே தேவைப்படுகிறது என்று காண்போம்.

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடும்பங்கள் பலவற்றிற்கு ஓர் அனுபவம் பொது. வாளியின் உட்புறத்தில் வெள்ளைக் கறை படியும், சோப்பு நுரைக்காது, பருப்பு எளிதில் வேகாது. நீரில் கரைந்துள்ள கால்சிய, மக்னீசிய உப்புகளே இதற்குக் காரணம். நீர் தெளிவாகத் தோன்றினாலும் அது ஒரு கரைசலே. மழைநீர் மண்ணிலும் பாறையிலும் ஊறி இறங்கும்போது வழியிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீரைப் போல் இத்தனை பொருள்களைக் கரைக்க வல்ல திரவம் அரிது.

இக்காலத்தில் வீட்டுக்கு வீடு டி.டி.எஸ். என்ற எழுத்துகள் புழங்குகின்றன. நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு என்பதே அதன் கருத்து. ஒரு லிட்டர் குடிநீரில் இது 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு வரையறை கூறுகிறது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம், அதாவது 35 கிராம் உப்பு இருக்கிறது.

பேனா அளவில் ஒரு கருவியை நீரில் தோய்த்தால் எண் தெரிகிறது. எண்ணைக் கண்டவுடன் சிலர் அஞ்சுகிறார்கள். சிலர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது? நீரின் வழியே மின்சாரம் எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணித்துச் சொல்கிறது. உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிகிறது என்று ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் கூறியபோது பலர் அதை நம்பவில்லை. அவருடைய ஆய்வேட்டுக்கு 1884இல் கிடைத்தது தாழ்ந்த மதிப்பே. அதே கருத்துக்காக 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டவிழ்த்தல் என்று இலத்தீன் மொழி எப்போதோ வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமாகிவிட்டது பாருங்கள்! சோடியமும் குளோரைடும் உண்மையிலேயே கட்டவிழ்ந்து பிரிகின்றன. சர்க்கரையோ அயனிகளாகப் பிரிவதில்லை. முழு மூலக்கூறுகளாகவே கரைகிறது. எனவே தூய நீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்தாலும் அந்தக் கருவியின் எண் பெரும்பாலும் அசைவதில்லை. சர்க்கரையும் கரைபொருள்தான், ஆனால் கருவிக்கு அது தெரியாது.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீர் சுத்திகரிக்கும் பொறி விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் குழாய் நீரையும், மற்றொன்றில் தம்முடைய பொறியில் வடித்த நீரையும் வைத்தார். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டு மின்சாரம் செலுத்தினார். சற்று நேரத்தில் குழாய் நீர் செம்பழுப்பாகிக் கலங்கியது. மற்ற நீர் தெளிவாகவே இருந்தது. "இந்த அழுக்கைத்தான் அம்மா இத்தனை நாளாகக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். வீட்டு அம்மையார் நடுங்கிப்போனார். அவருடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பு மாணவி. அவள் சமையலறைக்குச் சென்று திரும்பினாள். "அண்ணா, உங்கள் நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறேன். மறுபடியும் கம்பியை விடுங்கள்" என்றாள். விட்டார். அந்த நீரும் செம்பழுப்பாயிற்று. "அழுக்கு நீரில் இல்லை அண்ணா, உங்கள் கம்பியில் இருக்கிறது" என்றாள் அவள். உப்பு இருந்ததால் மின்சாரம் பாய்ந்தது. மின்சாரம் பாய்ந்ததால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகப் பிரிந்து நின்றது. இங்கே உண்மையான கரைபொருள் கம்பியே. இளைஞர் ஒன்றும் கூறாமல் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அந்தச் சிறுமி கேட்டது ஒரே கேள்வி: கரைந்தது எது? கரைபொருள் என்ற சொல்லின் முழுப் பயன் அக்கேள்வியிலே அடங்கியிருக்கிறது. எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கேட்பது பாதி அறிவு. எது கரைந்திருக்கிறது என்றும் கேட்பதே முழு அறிவு. எடுத்துக்காட்டாக, குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரையே எண்ணிப் பாருங்கள். முற்காலத்தில் அங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. தோலைக் குரோமிய உப்பின் கரைசலில் ஊறவைத்துப் பதனிடுவது அத்தொழிலின் முறை. நீரிலிருந்து குரோமியம் தோலின் நாரோடு பிணைந்து அதைக் கெடாமல் காக்கிறது. தோலுக்கு நன்மை செய்யும் இப்பொருள் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது வரையறை. 500 எங்கே, 0.05 எங்கே? பத்தாயிரத்தில் ஒரு பங்கு! கால்சியம் மிகுந்து கருவியில் 600 காட்டும் நீர் பெருந்தீங்கு செய்யாமல் இருக்கலாம். 200 காட்டும் நீரில் நச்சு உலோகம் ஒளிந்திருக்கலாம். அதைக் கருவி சொல்லாது, ஆய்வுக்கூடம்தான் சொல்லும்.

கரைபொருளைக் கரைப்பானிலிருந்து பிரிப்பதும் ஒரு கலை. சவ்வு ஒன்றின் இருபுறமும் நல்ல நீரும் உப்பு நீரும் இருந்தால், நீர் தானாகவே உப்பு உள்ள பக்கம் செல்லும். இதைச் சவ்வூடு பரவல் என்பர். இதன் அழுத்தம் கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று காட்டியவர் டச்சு நாட்டு வாண்ட் ஹாப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்றவர் அவரே. கடல்நீருக்கு இவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு. அதைவிட மிகுந்த அழுத்தத்தைக் கடல்நீரின்மேல் செலுத்தினால், நீர் எதிர்த்திசையில் செல்லும், கரைப்பான் சவ்வைக் கடக்கும், கரைபொருள் பின்தங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரை இம்முறையில் பிரித்தெடுக்கும் ஆலை அமைந்தது. 2024இல் அங்கேயே 15 கோடி லிட்டர் அளவில் மற்றோர் ஆலையும் தொடங்கப்பெற்றது. தென் சென்னையில் ஒருவர் அருந்தும் நீரில் கடலின் பங்கும் கலந்திருக்கலாம். கரைபொருளைக் கடலுக்கே திருப்பிவிட்டு வந்த பங்கு அது.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் கஷாயத்திற்குக் குடிநீர் என்று பெயர். மூலிகையைக் கொதிக்க வைத்தால், கரையும் சாரம் நீருக்கு வரும்; கரையாதது சக்கையாகத் தங்கும். நாம் குழாயில் பிடிக்கும் குடிநீருக்கும் மருத்துவர் தரும் குடிநீருக்கும் பெயர் ஒன்றே. இரண்டும் கரைசல்கள். ஒன்றில் எது கரைந்திருக்கிறது என்பதை மருத்துவர் அறிவார். மற்றொன்றில் எது கரைந்திருக்கிறது என்பதை அறிய வேண்டியவர்கள் நாம்.

மாணவ நண்பர்களே, இந்த வாரம் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் குழாய் நீரைத் தட்டையான எவர்சில்வர் தட்டில் ஊற்றி மாடியில் வெயிலில் வையுங்கள். மழைநீர் கிடைத்தால் அதையும் மற்றொரு தட்டில் வையுங்கள். நீர் வற்றியபின் தட்டில் படிந்திருப்பதை விரலால் தொட்டுப் பாருங்கள். நாவில் வைக்க வேண்டாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், ஒரு லிட்டர் நீரிலிருந்து எஞ்சுவது அரைக் கிராம். பாடநூலில் ஒரு சொல்லாக இருந்த கரைபொருள் அப்போது உங்கள் விரல் நுனியில் வெள்ளைப் பொடியாக இருக்கும். அது எவ்வளவு என்று முதலில் எழுதுங்கள். அது எது என்று அடுத்த நாள் உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.